பெரியம்மா கொண்டுவந்த நித்தியகல்யாணி

அன்று நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெரியம்மா கையில் இரண்டு பை இருந்தது. ஒன்றில் அம்மாவுக்குப் பிடித்த கொய்யா. இன்னொன்றில் வேரோடு பிடுங்கிய நித்தியகல்யாணிச் செடிகள், வாடாமல் இருக்க ஈரத்துணி சுற்றியிருந்தார். "இதுல இருந்துதான் கேன்சர் மருந்தே எடுக்கிறாங்களாம், வாட்ஸப்புல வந்துச்சு. நீ டீச்சராச்சே, உனக்குத் தெரியாதா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்து எது என்றால் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், ஒரு மார்க். அதனால்தான் 'வேண்டாம் பெரியம்மா' என்று அந்த இடத்திலேயே என்னால் சொல்ல முடியவில்லை. முழுப் பொய்யாக இருந்தால் மறுத்திருப்பேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அந்தப் பாதி உண்மைதான் எங்களை மாட்டிவிட்டது.

அம்மாவுக்கு 61 வயது. இடது மார்பில் கட்டி. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியையும் அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) மட்டும் எடுத்தார்கள். அதற்கப்புறம் கீமோ, அதற்கப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, என்று வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வாழ்க்கை. முதலில் எல்லாரும் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசின், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை. பெரியம்மா வந்தது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்.

நான் பள்ளிக்கூடம் போனபிறகு பெரியம்மா அந்த இலையையும் பூவையும் போட்டுக் கொதிக்கவைத்து, அரை டம்ளராகச் சுண்டவைத்து, காலையில் வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறார். ஐந்து நாள். அம்மாவும் அக்கா மனசு நோகக்கூடாது என்று குடித்திருக்கிறார். மூன்றாவது ஊசிக்குப் போன அன்று ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் குறைவு, இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். "வேற ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா? நாட்டு மருந்து, கஷாயம்?" என்று டாக்டர் கேட்டபோது அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே தெரியும்.

டாக்டர் திட்டவில்லை, கஷாயம்தான் காரணம் என்றும் சொல்லவில்லை. கீமோவாலேயே கவுண்ட் இறங்கும், எது எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அந்தப் 'பிரித்துச் சொல்ல முடியாது' என்பதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. இனி அம்மாவுக்கு எது வந்தாலும் எதனால் வந்தது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும், அதில் நாங்களே மண்ணைப் போட்டுவிடக்கூடாது என்று அன்று முடிவு செய்தேன். அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். அம்மா வாயில் போவது, தோலில் படுவது எல்லாம் தேதி போட்டு எழுதினேன், வலி மாத்திரையிலிருந்து தைலம் வரைக்கும். ஒவ்வொரு தடவையும் டாக்டர் முன்னால் அதைத் திறந்து வைத்துவிடுவேன். இதைப் படிக்கும் யாராவது ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் அந்த நோட்டைப் போடுங்கள்.

நான் பாடம் நடத்தும் ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர். அவருடைய அண்ணன் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து இந்த இலைகள் வந்தன, அங்கே மக்கள் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்களாம். ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்ட எலிகளுக்கு வெள்ளை அணுக்கள் சரிந்து, கிருமி தாக்கிச் செத்துப்போயின. வேறு யாராவது என்றால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது என்றால் ரத்தப் புற்றுநோயில் தாறுமாறாகப் பெருகும் வெள்ளை அணுக்களையும் குறைக்குமே என்று அவர் யோசித்தார். அவரும் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அமெரிக்காவில் இன்னொரு குழுவும் அதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தது, வின்கிரிஸ்டின் 1963இல் அங்கே அனுமதி பெற்றது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அந்தச் செடியிடம் ஆராய்ச்சியாளர்கள் முதலில் கண்ட குணமே வெள்ளை அணுக்களைக் கீழே தள்ளுவதுதான். அதைத்தான் கவுண்ட் ஏறவேண்டிய வாரத்தில் வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரே ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும், வின்கிரிஸ்டின் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அந்த இலையில் ஆல்கலாய்டு என்ற வகை வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, அதில் நமக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோ. அரை டம்ளர் கஷாயத்தில் அது எவ்வளவு இறங்கியது, மற்றவை எவ்வளவு இறங்கின, குடலில் எவ்வளவு ஏறியது, யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்தில் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், அவளுடைய பையனுக்கு ரத்தப் புற்றுநோய், குழந்தைகள் பக்கம் வைத்திருந்தார்கள். அவனுக்கு வாரம் ஒருமுறை போவது வின்கிரிஸ்டின். உடம்பின் பரப்பை வைத்து மில்லிகிராமில் கணக்குப் போடுவார்கள், பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவது வழக்கமில்லை. ரத்த நாளத்துக்குள் மட்டும்தான் போகவேண்டும், தவறி முதுகுத்தண்டு நீரில் போனால் உயிரே போய்விடும், நாளத்துக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும். நம் வீட்டு வாசலில், கோயில் நந்தவனத்தில், சுடுகாட்டு ஓரத்தில் பூத்துக் கிடக்கும் செடிதான், மடகாஸ்கரிலிருந்து வந்து நம் ஊர்ச் செடியாகவே ஆகிவிட்ட செடி. தென்மாவட்டங்களில் மானாவாரிப் பயிராகவே போடுகிறார்கள். அதே செடியிலிருந்து வரும் மருந்தை நர்ஸ் இரண்டு பேர் சேர்ந்து பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள் என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்.

'செடியிலிருந்து வருவது, ஒன்றும் செய்யாது' என்ற பேச்சை முதலில் நிறுத்தியது நான் இல்லை, அம்மாதான். பெரியம்மா அடுத்து சேராங்கொட்டை லேகியம் என்று ஆரம்பித்தார். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைத்தவர். கட்டையால் தட்டும்போது தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெய் கையில் பட்டால் புண்ணாகும், அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கைரேகையே மங்கிவிடும். இன்றைக்கும் ரேஷன் கடை மிஷினில் அம்மா விரலை இரண்டு மூன்று தடவை வைக்கவேண்டியிருக்கிறது. "முந்திரி எண்ணெய்க்கு அண்ணன்காரன்கா சேராங்கொட்டை, வண்ணான் துணியில குறி போட்டா சாவுற வரைக்கும் போவாது. அதைப் போய் வயித்துல போடச் சொல்றியே," என்றார். பெரியம்மா அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள் என்று நான் புத்தகத்தில் படித்ததை, அம்மா கையாலேயே தெரிந்துவைத்திருக்கிறார். சித்த மருத்துவர்களேகூட அதைச் சுத்தி செய்யாமல் கொடுக்கமாட்டார்கள், இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்கிற சாமானும் இல்லை.

சிவப்பு மருந்து முடிந்ததும் பக்லிடாக்சல், வாரம் ஒன்று, பன்னிரண்டு வாரம். இதுவும் மரத்திலிருந்து வந்ததுதான். 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள், மன்றோ வால், மன்சுக் வாணி என்ற இருவரும் அதிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்து 1971இல் அமைப்பை வெளியிட்டார்கள். வாணி நம் நாட்டில் பிறந்தவர். அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார், அனுமதி கிடைத்தது 1992இல். பட்டையிலிருந்து அனுமதி வரைக்கும் முப்பது வருஷம். ஒரு நோயாளிக்கே பல மரங்களை உரிக்கவேண்டியிருந்தது, அப்படிப் போனால் காடே மிஞ்சாது என்று, ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிடைக்கும் ஒரு பொருளை எடுத்து அதிலிருந்து மருந்தைச் செய்யும் வழியைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். இலை திரும்பத் துளிர்க்கும்.

லேபில் வெங்காய வேர்நுனியை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் காட்டுவோமே, செல் பிரியும்போது கதிர்கோல் இழைகள் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும், அந்த இழைகள்தான் இலக்கு. நித்தியகல்யாணி மருந்து இழையைக் கட்டவே விடாது, யூ மரத்து மருந்து கட்டிய இழையைக் கலைய விடாது. எப்படியானாலும் செல் பிரிய முடியாமல் சாகும். ஆனால் அதே மாதிரி இழைகள் நரம்பிலும் இருக்கின்றன, நரம்புக்குள் சரக்கை அங்கிருந்து இங்கே கொண்டுபோவது அவைதான். அதனால்தான் விரல் மரத்துப்போகிறது.

ஐந்தாவது வாரம் அம்மா வாசலில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். பூ நழுவி நழுவி விழுந்தது. குனிந்து பார்த்தால் நூல் கட்டைவிரலை அறுத்திருக்கிறது, ரத்தம் வந்துகொண்டிருக்கிறது, அம்மாவுக்குத் தெரியவில்லை. "நூல் கையில இருக்கிற மாதிரியே இல்லடி," என்றார். அன்றைக்கே டாக்டரிடம் சொன்னோம். இதைச் சொல்லாமல் விடாதீர்கள், மரத்துப்போவதைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து நிறைய பேர் மறைக்கிறார்கள், சீக்கிரம் சொன்னால் அளவை மாற்றிப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கிறது, முற்றிய பிறகு போன உணர்ச்சி சிலருக்குத் திரும்புவதேயில்லை.

மரத்துப்போவதைத் தடுக்க மருந்து ஏறும்போது கையைக் குளிரவைக்கும் பழக்கம் பற்றியும் கேட்டேன். ஜப்பானில் 36 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2018இல் வந்தது. அதிகம் புழங்கும் கைக்கு மட்டும் உறையவைத்த கையுறை போட்டு இன்னொரு கையைச் சும்மா விட்டார்கள், அதாவது ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு. தொடு உணர்ச்சி குறைந்தது குளிர்ந்த கையில் சுமார் 28 சதவீதம் பேருக்கு, சும்மா விட்ட கையில் சுமார் 81 சதவீதம் பேருக்கு. ஆய்வு சின்னது, பிற்பாடு வந்த எல்லா ஆய்வும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. டாக்டர், செய்துபாருங்கள், தோல் விறைத்துப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஐஸ் ஜெல் பையை ஐஸ் பெட்டியில் போட்டு பஸ்ஸிலேயே கொண்டுபோனோம், மெல்லிய பருத்தித் துண்டில் சுற்றித்தான் பிடிக்கச் சொன்னேன், வெறும் தோலில் வைக்கவே கூடாது, மரத்த கைக்குச் சுடுவதும் தெரியாது குளிர்வதும் தெரியாது. அம்மாவுக்கு ஆறாவது வாரத்திலிருந்துதான் செய்தோம், அதனால் பலன் இருந்ததா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். மோசமாகவில்லை.

வீட்டில் செய்த மாற்றங்கள்தான் நிச்சயமாக உதவின. அடுப்படியில் பிடிதுணி இல்லாமல் எதையும் தூக்கக்கூடாது. குளிக்கிற வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். வெறுங்காலோடு வாசல் தாண்டக்கூடாது, ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலை நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன், முள்ளோ கொப்புளமோ அவருக்குத் தெரியாது. நெறி எடுத்த இடது கையில் ஒரு கீறல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டோம், அந்தக் கையில் கிருமி புகுந்தால் வீக்கம் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வாமை பற்றி ஒரு வார்த்தை. பக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது, அதைக் கரைக்க ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சிலருக்கு உடம்பு அரிப்பதும் மூச்சடைப்பதும் பெரும்பாலும் அதனால். அதற்காகத்தான் முன்னாடியே ஊசிகள் போடுகிறார்கள். முதல் சில நிமிஷம் நெஞ்சு இறுகினாலோ முகம் சிவந்தாலோ பக்கத்தில் இருப்பவர் உடனே நர்ஸைக் கூப்பிடவேண்டும், பாட்டில் முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

கரண்ட் 15 நாள். 'கரண்ட் வைத்தால் தோல் கருகிவிடும்' என்று ஊரே பயமுறுத்தியிருந்தது. முதல் வாரம் ஒன்றுமே இல்லை, இரண்டாவது வாரம் லேசாகச் சிவந்தது, அம்மாவின் நிறத்தில் சிவப்பு தெரியாது, கறுத்துச் சூடாக இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் மூச்சுவிட்டபிறகுதான், முடிந்து பத்து நாள் கழித்து, மார்புக்கு அடியில் மடிப்பிலும் அக்குளிலும் தோல் உரிந்து ஈரமாயிற்று. உச்சம் அப்போதுதான் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிட்டது.

அந்த நாட்களில் மஞ்சள் பூசு, கற்றாழை தடவு என்று வராத யோசனை இல்லை. மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே ஆசை இருந்தது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருளை மாத்திரையாகக் கொடுத்து அமெரிக்காவில் 30 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் பார்த்தபோது தோல் புண் குறைந்தது. அதே குழு 686 பேரை வைத்துப் பெரிதாகச் செய்து 2018இல் வெளியிட்டபோது வித்தியாசம் இல்லை. முதல் செய்தி மட்டும்தான் நம் போனுக்கு வரும், இரண்டாவது வராது. கற்றாழையும் ஆய்வுகளில் எதிர்பார்த்த அளவு தேறவில்லை. கலெண்டுலா பூக் களிம்புக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, பிரான்சில் 254 பேர், 2004இல் வந்தது, நடுத்தரமோ அதற்கு மேலோ தோல் புண் வந்தது வேறொரு களிம்பு போட்டவர்களில் 63 சதவீதம் பேருக்கு, இதைப் போட்டவர்களில் 41 சதவீதம் பேருக்கு. இதைச் சொன்னதும் என் தோழி துலுக்கச் சாமந்தியை அரைக்கப் போனாள்! இரண்டையும் ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்பார்கள், ஆனால் அது வேறு செடி, பேரினமே வேறு. பெயரும் நிறமும் ஒத்துப்போவதால் மருந்தும் ஒத்துப்போகாது.

எங்களுக்குக் கொடுத்தது ஒரு ஸ்டீராய்டு களிம்பு, மெல்லிசாகத் தடவச் சொன்னார்கள். மற்றபடி, வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. குளிக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள், அது பழைய பேச்சு, கரண்ட் வைக்கும் இடத்தைக் காட்டக் கோடு போட்ட குறி அழியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பழைய மெல்லிய வாயல் வேட்டியைக் கிழித்து மடிப்புக்கு அடியில் வைத்தேன், தோலும் தோலும் உரசாமல் இருந்ததே பாதி நிம்மதி. உள்பாடி வேண்டாம், தளர்ந்த பருத்தி ஜாக்கெட்.

அப்புறம் வெயில். கரண்ட் வைத்த தோல் வருஷக்கணக்கில் வெயிலுக்கு இளைத்ததாகவே இருக்கும். கடலூரிலிருந்து காலையில் பாண்டிக்குப் போகும்போது வெயில் வலதுபக்கம், மத்தியானம் திரும்பும்போதும் வலதுபக்கம்தான், அதனால் இரண்டு தடவையும் இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். இந்தச் சின்ன விஷயம் எங்களுக்கு ரெட்டிச்சாவடி தாண்டி நாலைந்து தடவை வெந்தபிறகுதான் உறைத்தது. கழுத்துக்கும் கழுத்தை ஒட்டிய இடத்துக்கும் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் களிம்பு, அதுவும் புண் முழுக்க ஆறியபிறகு, மற்ற இடத்துக்கு முந்தானையே போதும். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 1992இல் 1,621 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள், நமக்கு அந்த ஆபத்தே குறைவு, அந்தக் கணக்கை அப்படியே நமக்குப் போடக்கூடாது. நமக்கு வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வரும். டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கத்தை அதனால் நான் விடவில்லை, என் காலையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

பெரியம்மாவிடம் கோபப்பட்டு ஒருநாள் பேசிவிட்டேன். அவர் அழுதார். தங்கைக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றுதானே வந்தார், ஒரு வேலையும் கொடுக்காமல் உட்காரவைத்தால் கஷாயம்தான் வைப்பார். அடுத்த வாரத்திலிருந்து ஐஸ் பெட்டி அவர் பொறுப்பு, நோட்டில் எழுதுவதும் அவர்தான், எழுத்துக்கூட்டி எழுதுவார். 'இஞ்சி டீ, ஒரு டம்ளர், 4 மணி' என்றெல்லாம் இருக்கும்.

அம்மாவுக்குக் கட்டைவிரல் நுனிகள் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. இப்போது நூலைத் தொட்டுப் பார்க்காமல் கண்ணால் பார்த்துக் கட்டுகிறார், நேரம் எடுக்கிறது. போன வெள்ளிக்கிழமை கனகாம்பரம் இரண்டு முழம் கட்டினார், ஒரு முழத்தைப் பெரியம்மா வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் பஸ் ஏறினார்.